என்ன உலோகம், எந்தத் தண்ணீர்: கோவை பம்ப்செட் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை பம்ப்செட் உற்பத்தியாளர்களுக்கும் உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங்கும் பம்ப் சர்வீஸும் செய்யும் கடை நடத்துகிறேன். தொழில் கற்றுக்கொண்டது உங்கள் பீளமேட்டில்தான். பெயிண்ட் காயாத பம்பை நீங்கள் பார்க்கிறீர்கள். அதே பம்ப் போர்வெல்லுக்குள் இறங்கி, ஓடி, தேய்ந்து, சிக்கி, மறுபடி மேலே வந்த பிறகு நாங்கள் பார்க்கிறோம். எந்த ஷாஃப்ட் (சுழலும் தண்டு) எந்த ஊர்த் தண்ணீரில் எத்தனை வருடம் நின்றது என்ற கணக்கு உங்கள் ஆபீஸில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் கடைக்குப் பின்னால் கிடக்கும் இரும்புக் குவியலில் இருக்கிறது. அந்தக் குவியலைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமாகக் கேட்பது ஒன்று. நேம் பிளேட்டில் பம்பின் ஷாஃப்ட், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை), வைண்டிங் ஒயர் (மோட்டாருக்குள் சுற்றும் கம்பி) ஆகியவை எதனால் ஆனவை என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, எப்படிப்பட்ட தண்ணீர்வரை அது தாங்கும் என்றும் எழுதுங்கள்.

இப்போது அந்தத் தகட்டில் ஹெச்.பி., வோல்ட், ஆம்பியர், ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்) எல்லாம் இருக்கிறது. ஸ்டார் முத்திரை இருந்தால் அதையும் தனியாக ஒட்டிவிடுகிறீர்கள். இவையெல்லாம் பம்ப் புதிதாக இருக்கும் நாளில் எப்படி ஓடும் என்பதைச் சொல்பவை. நான்காவது கோடையில் எப்படி ஓடும் என்பதைச் சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில்கூட உள்ளே என்ன மாவு என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே இறக்கும் இயந்திரத்துக்கு அது இல்லை.

முதலில் தண்ணீரைப் பேசிவிடலாம், ஏனென்றால் பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது. சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும்) பம்ப்செட்டுக்கான ஐ.எஸ். 8034 தரத்தை நீங்கள் எல்லோரும் கரைத்துக் குடித்தவர்கள். பம்ப் தெளிந்த, குளிர்ந்த, நல்ல தண்ணீருக்கானது என்று வைத்து, அந்தத் தண்ணீருக்கு வரம்பும் போட்டிருக்கிறார்கள்: குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், மொத்தத் திடப்பொருள் 3000, கலங்கல் 50, சூடு 33 டிகிரி, காரஅமில அளவு (பி.ஹெச்.) 6.5 முதல் 8.5 வரை. இதற்குள் இருக்கும் தண்ணீர் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் கிடைக்கும். காங்கேயத்தில், வெள்ளகோவிலில், சென்னிமலைக்குக் கிழக்கே கிடைக்கும் என்று யாராவது சத்தியம் செய்வீர்களா? நொய்யல் கரையோரம் சாயப்பட்டறைத் தண்ணீர் வருடக்கணக்கில் ஊறிய பூமி இது. உப்பும் சோடியம் சல்பேட்டும் கரைந்த கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுக் கிணறுகளில் இறங்கியது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு ஆற்றில் விடுவது கட்டுப்பட்டதே தவிர, மண்ணுக்குள் போன உப்பு அங்கேயேதான் இருக்கிறது. சாயம் எட்டாத ஊர்களிலும் ஆழம் போகப் போகச் சப்பைத் தண்ணிதான் (உவர்ப்புத் தண்ணீர்) வருகிறது. ஆயிரம் அடியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். 33 டிகிரி என்ற வரம்பெல்லாம் கிணற்றுக் காலத்துக் கணக்கு.

ஆக, விவசாயி வாங்கும் பம்ப் எந்தத் தண்ணீருக்குச் சோதிக்கப்பட்டதோ அந்தத் தண்ணீர் அவர் தோட்டத்தில் இல்லை. இது அவருக்குத் தெரியாது. கடைக்காரரும் சொல்வதில்லை. வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "துரு, மணல், உப்பு நீரால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பல்ல" என்று மட்டும் தவறாமல் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி.

அடுத்தது ஷாஃப்ட். எங்கள் பக்கம் எல்லார் சட்டைப் பையிலும் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. ஷாஃப்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் "டூப்ளிகேட்டுங்க", ஒட்டாவிட்டால் "ஒரிஜினல் எஸ்.எஸ்.", அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்தக் காந்த வைத்தியத்தால் நடக்கும் கூத்தைக் கொஞ்சம் கேளுங்கள். பம்ப் ஷாஃப்டுக்கு வழக்கமாகப் போடுவது 410 என்ற எண் கொண்ட ரகம். சுமார் 12 சதம் குரோமியம் உள்ள, கடினப்படுத்தக்கூடிய ஸ்டெயின்லெஸ். அதில் காந்தம் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். அது முறையான சரக்கு. அதே சமயம் 304-லும் காந்தம் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. 304-ல் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் இருக்கும். 202-ல் நிக்கல் நாலிலிருந்து ஆறு சதம்தான், மீதி இடத்தை மாங்கனீஸ் நிரப்புகிறது. விலையில் நல்ல வித்தியாசம். பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. நல்ல தண்ணீரில் இரண்டும் நன்றாகவே ஓடும். குளோரைடு ஏறிய தண்ணீரில் 202 முதலில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வாசருக்கு அடியில், போல்ட் தலைக்குக் கீழே, தண்ணீர் அசையாமல் தேங்கும் சந்துகளில்தான் அந்தக் குழி ஆரம்பிக்கும். வெளியே தெரியவே தெரியாது. ஒரு நாள் ஸ்ட்ரெய்னரைத் தாங்கும் பட்டையோ, கேபிள் கார்டின் திருகோ கையோடு வந்துவிடும்.

பழைய இரும்பு வியாபாரிகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். காந்தத்தை நம்பாமல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து 200 வகையைத் தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். எடைக்குப் போடும்போதுதான் அந்த பம்ப் எதனால் ஆனது என்று விவசாயிக்கு முதல்முறையாகத் தெரிகிறது. வாங்கும்போது "எஸ்.எஸ்." என்ற இரண்டு எழுத்துதான் அவருக்குச் சொல்லப்பட்டது.

202-ஐ விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடுமலைப் பக்கம் வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய நல்ல தண்ணீர்ப் போருக்கு அது போதும். எதற்கு அனாவசியமாக அதிக விலை கொடுக்க வேண்டும்? அதையே வெள்ளகோவிலுக்கு அனுப்பும்போது அது 202 என்பது வாங்குபவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். மாலிப்டினம் கலந்த 316 வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு உப்பு இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே இருப்பவர் அதன் விலையைக் கேட்டு மலைத்துப் போனாலும், முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

மணல் இன்னொரு கதை. நம்ம பூமி கருங்கல் பூமி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டிப் போட்ட புது போரில் முதல் சில மாதம் கல்மாவு வரும். அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கடினத்தில் ஏழாம் எண். கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் அதில் பாதி தேறாது. துகள் புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நுழைந்துவிட்டால் இரண்டையும் அரைக்கும். ரப்பர் புஷ் போட்ட பம்ப் இந்தத் தண்ணீரில் நின்று ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுத்து, துகளை வரிப்பள்ளத்தின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. நோரில் என்ற உறுதியான பிளாஸ்டிக் ரகத்தில் செய்த இம்பெல்லரை வெறும் பிளாஸ்டிக் என்று ஏளனம் செய்கிறவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. அது துருப்பிடிக்காது, கனமில்லை, உப்புத் தண்ணீரில் வார்ப்பிரும்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூட்டில் இளகிவிடும். தண்ணீர் குறைந்த போருக்கு அதைக் கொடுக்கும்போது டிரை ரன் தடுப்பான் இல்லாமல் கொடுப்பது என்ன நியாயம்?

இம்பெல்லர் கழுத்தும் அதைச் சுற்றி இருக்கும் வேர் ரிங் என்ற தேய்மான வளையமும் உரசும் இடத்தில் இடைவெளி ஒரு நூல் கூடினாலும் மேலே தள்ளிய தண்ணீர் அதன் வழியாகவே கீழே திரும்பிவிடும். மோட்டார் அதே மின்சாரத்தை இழுக்கும், வெளியே வரும் தண்ணீர் மட்டும் குறையும். ஸ்டார் முத்திரை வாங்கிய அன்று இருந்த திறன் இப்போது இல்லை. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அதை யாரும் அளப்பதில்லை. 1970-ல் மின்கட்டணத்துக்காகப் போராடி பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்விட்டவர்களின் மண்ணில், இன்றைக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது என்று கேட்க ஆள் இல்லை. மின்வாரியம் கேட்க வேண்டிய கேள்வி அது. தேய்மானம் அவர்கள் நஷ்டக் கணக்கிலும்தான் சேர்கிறது.

வார்ப்பைப் பற்றிப் பேசாமல் கோவைக்காரர்களுக்குக் கடிதம் எழுத முடியாது. உங்கள் ஃபவுண்ட்ரிகள் நாடு முழுக்கப் பேர் பெற்றவை, அதில் சந்தேகமே இல்லை. எஃப்.ஜி. 200 (வார்ப்பிரும்பின் வலுவைக் குறிக்கும் தரம்) என்று வரைபடத்தில் போட்டால் அந்த வலு வரும்படி ஊற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் மேஜைக்கு வரும் சில பௌல்களில் (இம்பெல்லரை மூடும் கிண்ணம் போன்ற பாகம்) பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி தெரிகிறது. காற்றுக் குமிழ் விட்ட ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே நீலப் பெயிண்ட். ஆயிரம் அடி உயரத்துக்குத் தண்ணீர் தூக்கும்போது பம்பின் மேல்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு முப்பது கிலோ அழுத்தம் நிற்கிறது. பட்டி எத்தனை நாள் தாங்கும்? வேலையை ஜாப் ஆர்டருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையைக் கசக்கினால் கடைசியில் ஊற்றுபவருக்குப் பட்டியைத் தவிர வேறு வழி இல்லை. குற்றம் அவர் மேல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உப்புத் தண்ணீர் வார்ப்பிரும்பைத் தின்னும் விதம் வினோதமானது. இரும்பு மட்டும் கரைந்து போய், உள்ளே இருக்கும் கிராஃபைட் அப்படியே உருவம் மாறாமல் நிற்கும். பார்த்தால் முழு பௌல் போலவே இருக்கும். பேனாக்கத்தியால் கீறினால் கரித்துண்டு போல உதிரும். அதை ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டோடும் கன்மெட்டல் இம்பெல்லரோடும் ஒட்டி வைத்தால் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் மட்டமானது முதலில் போகும் என்பது பாலிடெக்னிக் பாடம்தான். அந்தப் பாடத்தை ஓரங்கட்டிய டிசைன்களை இன்னும் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வைண்டிங் எங்கள் சொந்தத் தொழில், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியம் செம்பில் அறுபத்தொரு சதம்தான் மின்சாரம் கடத்தும். அதே வேலைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் குறுக்குப் பரப்புள்ள பருமன் வேண்டும். அந்தப் பருமனைக் கொடுத்தால் அலுமினியமும் ஓடும். கொடுக்காமல், செம்பு போன ஸ்லாட்டிலேயே திணித்து விற்பதுதான் கேடு. ஒயரைச் சுற்றிய மின்காப்பு கூடுதலாகச் சூடாகும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது மின்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பாடம். தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் போடும் பி.வி.சி. ஒயருக்குச் சூடு தாங்கும் எல்லை குறைவு. பிளாஸ்டிக் நாடா சுற்றிய பாலி ராப் ஒயர் அதைவிட மேல். எந்த ஒயர் உள்ளே இருக்கிறது என்பது எங்களுக்கு மோட்டாரைப் பிரித்த பிறகுதான் தெரிகிறது. ஐ.எஸ். 8783 என்று ஒயருக்கே தனித் தரம் இருக்கும்போது நேம் பிளேட்டில் அரை வரி எழுத என்ன தடை? கடின நீரில் மோட்டார் உடம்பின் மேல் சுண்ணாம்பு ஓடு ஏறி, சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும் சங்கடம் வேறு இருக்கிறது. நம் பக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை தூக்கித் துடைக்க வேண்டிய தண்ணீரே அதிகம்.

தோட்டத்துக்காரர்கள் பக்கம் தவறே இல்லையா? உண்டுங்க. டூ ஃபேஸ் கரண்டில் கப்பாசிட்டர் போட்டு த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டுகிறார்கள். அறுநூறு அடி ஹெட்டுக்கு வாங்கிய பம்பை முந்நூறில் வைத்து ஓட்டுகிறார்கள். பேனல் போர்டில் ஓவர்லோட் ரிலேயை ஒயரால் ஷார்ட் செய்து வைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். வோல்டேஜ் இருபது சதம் இறங்கினால் மோட்டாரின் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் சின்ன வெங்காயம் வாடும்போது அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? கடையில் நுழைந்ததும் முதல் கேள்வி "ரேட்டு எவ்வளவுங்க?" என்பதுதான். விலையைத் தவிர ஒப்பிட வேறு எதுவும் அவர் கையில் கொடுக்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். இரண்டு பம்ப், ஒரே ஹெச்.பி., ஒரே ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) எண்ணிக்கை, ஒரே பளபளப்பு, மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். அவர் எதை எடுப்பார்? நானாக இருந்தாலும் குறைந்ததைத்தான் எடுப்பேன்.

"எங்க தாத்தா காலத்து மோட்டார் நாப்பது வருசம் ஓடுச்சு" என்று சொல்லி உங்களைத் திட்டுகிறவர்களோடு நான் சேரவில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்ததில் தொடங்கிய பெருமை நமக்கெல்லாம் உண்டு. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் கிணற்று மேடையில், காற்றோட்டத்தில், நல்ல தண்ணீரை இழுத்தது. நாப்பது வருடம் ஓடியது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. ஐந்தாம் வருடம் எரிந்தது அப்போதே எடைக்குப் போய்விட்டது. கனமான வார்ப்பு என்றாலே நீடிக்கும் என்பதும் மூடநம்பிக்கை. தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய தகடு, பொருந்தாத தடித்த வார்ப்பைவிடப் பல வருடம் கூடுதலாக நிற்கும்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் தெரியாமல் இல்லை. 2022-ல் பம்புக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 ஆனது. அதே வருடம் மின்கட்டணமும் ஏறியது. குஜராத் சரக்கு விலையில் அடித்துத் தள்ளுகிறது. நான் கேட்பது அந்தப் போட்டியில் உங்களுக்கு உதவாதா என்று யோசியுங்கள். விலையில் அவர்களை வெல்வது கஷ்டம். ஷாஃப்ட் 410, பௌல் 304, புஷ் ரப்பர், ஒயர் பாலி ராப், குளோரைடு 1000 வரை என்று எழுதிய தகட்டோடு கோவைப் பெயர் போட்டு விற்றால், எழுதாதவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. உலோகக் கலவையைத் துப்பாக்கி போன்ற கருவியால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் வசதி கோவைச் சோதனைக்கூடங்களிலேயே உண்டு. சங்கம் மாதத்துக்கு ஒருமுறை சந்தையில் பணம் கொடுத்து ஏதோ ஒரு உறுப்பினரின் பம்பை வாங்கி, பிரித்து, சோதித்து, முடிவைச் சங்கத்துக்குள்ளாவது சொல்லலாம். ஊருக்கே சொன்னால் இன்னும் நல்லது.

தண்ணீரின் பங்கை நாங்களும் ஏற்கத் தயார். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசனத் தண்ணீரையும் சோதித்துத் தருகிறார்கள். புது பம்ப் வாங்க வருபவரிடம் "முதல்ல தண்ணி ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க" என்று டீலரே சொல்லும் பழக்கம் வரவேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து எந்த மாடல் என்று சொல்ல ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு டீலருக்குக் கொடுங்கள். அதைப் படிக்கத் தெரியாத டீலர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

உதிரி பாகம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாடல் எண்ணை மாற்றி, ஸ்டேஜ் நீளத்தை நாலு மில்லிமீட்டர் மாற்றி, பழைய இம்பெல்லர் கிடைக்காமல் செய்துவிடுகிறீர்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவியும் ஒன்று. சட்டமாகி வரும்வரை காத்திருக்காமல், ஒரு மாடலை நிறுத்திய பிறகும் பத்து வருடத்துக்கு அதன் புஷ், இம்பெல்லர், திரஸ்ட் பேரிங் (மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும் பாகம்) கிடைக்கும் என்று நீங்களாகவே அறிவிக்கலாமே. பேரிங் பேட் ஒன்றுக்காக முழு மோட்டாரையும் எடைக்குப் போட்டவர்களின் வயிற்றெரிச்சலை நான் தினமும் கேட்கிறேன். மோட்டாரைத் தூக்க வண்டி வாடகை, ஆட்கூலி, மறுபடி இறக்கக் கூலி. இதெல்லாம் உங்கள் விலைப்பட்டியலில் வராத விலை.

கொடிசியா வளாகத்தில் வருடா வருடம் நடக்கும் வேளாண் கண்காட்சியில் உங்கள் ஸ்டால்களில் குறுக்காக வெட்டிய பம்பைப் பளபளவென்று நிறுத்தி வைக்கிறீர்கள். அடுத்த முறை அதன் ஒவ்வொரு பாகத்திலும் உலோகத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு மேஜை போடுங்கள். காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து ரீவைண்டிங் கடைக்காரர்கள் சேர்ந்து தேய்ந்த ஷாஃப்ட், குழி விழுந்த பட்டை, கத்தியால் கீறினால் உதிரும் பௌல் எல்லாவற்றையும், எந்த ஊர், எந்தத் தண்ணீர், எத்தனை வருடம் என்று சீட்டு எழுதிக் கட்டிக் கொண்டுவந்து வைக்கிறோம். கம்பெனிப் பேரை அழித்துவிட்டுத்தான் வைப்போம், பயப்பட வேண்டாம். ஸ்டால் வாடகை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து ரீவைண்டிங் கடைக்காரன்